பியானோவின் மேல் இரண்டு மண்தொட்டிகள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘எழுத்தாளரின் ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். படிப்பது, பாட்டுக் கேட்பது, எழுதுவது என்ற மூன்றும் ஒரே நாளுக்குள் எப்படி இடம் பிடிக்கின்றன என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாவலாசிரியர் யாரையாவது எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் சார்லஸ் டார்வினைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவர் விஞ்ஞானி ஆயிற்றே என்பீர்கள். பீகிள் கப்பலில் சுற்றியது 1831 முதல் 1836 வரை, ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு 1882இல் இறக்கும் வரை அவர் பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினார். புத்தகம் புத்தகமாக எழுதினார். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக இன்று அடையாளம் கண்டிருக்கும் கடிதங்கள் மட்டும் 15,000க்கு மேல். வாழ்நாளில் பெரும்பகுதியைப் பேனாவோடு கழித்தவரை எழுத்தாளர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. பல எழுத்தாளர்களின் நாளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர்களே பேட்டியில் சொன்னவை. பேட்டியில் எல்லோரும் அதிகாலையில் எழுந்துவிடுவார்கள். டார்வினின் நாளைப் பதிவு செய்தவர் அவருடைய மகன் பிரான்சிஸ். தந்தையோடு ஒரே வீட்டில் இருந்து, அவருக்குச் செயலாளராக வேலை பார்த்தவர். 1887இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில், அப்பா எந்த நாற்காலியில் எப்படி உட்காருவார், கைத்தடி தரையில் எப்படிச் சத்தம் போடும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு நுணுக்கமாகப் பதிவான எழுத்தாளர் நாள் வேறு எனக்குத் தெரியாது.

இடம் லண்டனுக்குத் தென்கிழக்கே சுமார் 16 மைல் தொலைவில், கென்ட் பகுதியில் இருந்த டௌன் என்ற சிற்றூர். 1842இல் அங்கே வீடு வாங்கிக் குடியேறினார்கள். அப்போது அவருக்கு வயது 33. அதற்கு முன்பே உடம்பு கெட்டுவிட்டது. வாந்தி, தலைசுற்றல், படபடப்பு, இரவில் தூக்கமின்மை. என்ன நோய் என்று மருத்துவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். அரை மணி நேரம் விருந்தினரோடு கூடுதலாகப் பேசிவிட்டால் அன்றைய இரவு போய்விடும், மறுநாள் வேலையும் போய்விடும். ஆகவே அந்த வீட்டின் கடிகார ஒழுங்கு, உடம்பு போட்ட நிபந்தனை. ஒழுக்கம் என்று சொல்லி அதைக் கும்பிட வேண்டியதில்லை.

காலையில் எழுந்ததும் சின்ன நடை. ஏழேமுக்கால் மணிக்குத் தனியாகச் சிற்றுண்டி. எட்டு மணிக்கு எழுதும் அறைக்குள் போவார். எட்டு முதல் ஒன்பதரை வரை உள்ள நேரம்தான் தம்முடைய வேலைக்கு மிக நல்ல நேரம் என்று கருதினார். ஒன்பதரைக்குக் கூடத்துக்கு வந்து தபால் பார்ப்பார். கடிதம் அதிகம் இல்லாத நாளில் அவருக்கு மகிழ்ச்சி. பிறகு சோபாவில் படுத்துக்கொள்வார்; மனைவி எம்மா குடும்பக் கடிதங்களையோ ஒரு நாவலையோ வாய்விட்டுப் படிக்க, கேட்டுக்கொண்டிருப்பார். பத்தரைக்கு மறுபடி அறை. பன்னிரண்டு அல்லது பன்னிரண்டே காலுக்கு வெளியே வரும்போது, இன்றைக்கு நல்ல வேலை நடந்தது என்று சொல்லிக்கொண்டே வருவாராம். அன்றைய முக்கிய வேலை அத்துடன் முடிந்தது. மாலையில் நாலரை முதல் ஐந்தரை வரை இன்னொரு மணி நேரம் உண்டு. கூட்டிப் பாருங்கள்: நாளுக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம்.

இந்த நாலு மணி நேரத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அந்த அறையை இன்றும் அப்படியே பராமரித்து வைத்திருக்கிறார்கள். கணப்பு அருகே உயரமான சாய்வு நாற்காலி. அதற்குச் சக்கரம் உண்டு. எழுத மேசை கிடையாது. நாற்காலிக் கைகளின் மேல் குறுக்காக ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதினார். தாள் விஷயத்தில் மகா சிக்கனம். பழைய கையெழுத்துப்படிகள், அச்சுப் பிழை திருத்திய படிகள் இவற்றின் பின்புறத்தில்தான் முதல் படி எழுதுவார், திருத்துவதற்காக வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை நல்ல கையெழுத்தில் படியெடுத்துக் கொடுப்பார். அதை மறுபடி திருத்தி அச்சுக்கு அனுப்பினால், அச்சுப் படியில் மூன்றாம் முறை அடித்தல், திருத்தல். ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் 1,250 பிரதிகளோடு வந்த நூல். அதன் கையெழுத்துப்படியில் பெரும்பகுதி இன்று இல்லை. மிஞ்சியிருக்கும் தாள்களில் சில ஏன் மிஞ்சின தெரியுமா? பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்திருந்தார்கள். காய்களும் கனிகளும் படைவீரர்களாகச் சண்டை போடும் படம் ஒன்று. படத்துக்காக அம்மா எடுத்து வைத்தாள், அப்பாவின் எழுத்து பிழைத்தது.

எழுத்து நடையைப் பற்றி அவர் தம் தன்வரலாற்றில் ஒன்று சொல்கிறார். யோசித்து யோசித்து எழுதினால் முதல் வாக்கியம் கோணலாகத்தான் விழுகிறது. அதனால் பக்கம் பக்கமாகப் படுவேகமாகக் கிறுக்கிவிட்டு, பாதிச் சொற்களைச் சுருக்கி எழுதி, பிறகு உட்கார்ந்து திருத்துவதே தமக்குச் சரிப்பட்டது என்கிறார். கிறுக்கியவை, நிதானமாக எழுதியிருக்கக்கூடியதைவிடப் பல நேரம் நன்றாகவே இருந்தனவாம். இதைச் சொல்கிறவர், நத்தைபோல் ஊர்ந்து எட்டு ஆண்டுகள் கொட்டலசு என்ற கடல் உயிரியை மட்டுமே ஆராய்ந்து எழுதியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குப்பொடி அவருக்கு வேலைக்கான சாமான். வேலை ஓட வேண்டுமென்றால் பொடி வேண்டும், ஓய்வுக்குச் சிகரெட். சிகரெட் பழக்கம் தென்னமெரிக்கப் புல்வெளிகளில் கௌச்சோ குதிரைக்காரர்களிடமிருந்து வந்தது. பொடியைக் குறைக்க ஒரு யுக்தி செய்தார். ஜாடியை எழுதும் அறையில் வைக்காமல் வெளியே நடையில் வைத்தார்; எழுந்து போகச் சோம்பல்பட்டுக் குறையும் என்று. குறையவில்லை. ஜாடி மூடி ‘ணங்’கென்று விழும் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போனதுதான் மிச்சம்.

மதியம் நடை. மழையோ வெயிலோ, நடை உண்டு. முதலில் கண்ணாடி வீட்டில் வளரும் செடிகளைப் பார்ப்பார். பிறகு தோட்டத்துக் கோடியில் மணல் பரப்பி, இருமருங்கும் மரம் வைத்து அவரே அமைத்துக்கொண்ட வட்டப்பாதை. முந்திய காலத்தில் இத்தனை சுற்று என்று கணக்கு வைத்திருந்தார். யோசனையில் கணக்கு மறந்துவிடும் என்பதால் பாதை ஓரத்தில் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். கூட பாலி என்ற வெள்ளை நாய். இந்தப் பாதையை ‘சிந்தனைப் பாதை’ என்று சொல்லிச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அவர் அங்கே யோசித்ததைவிடக் குருவிக் கூட்டையும் அணிலையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம் என்று தோன்றுகிறது.

படிப்புக்கு வருவோம். இங்கே இருக்கும் நூலகர் காதைப் பொத்திக்கொள்ளலாம். புத்தகத்தின் மேல் டார்வினுக்குப் பக்தி கிடையாது. கனமான புத்தகம் கையில் பிடிக்க முடியவில்லை என்றால் நடுவில் வெட்டி இரண்டாக்கிவிடுவார். நண்பர் லயலின் நூலை அப்படி வெட்ட வேண்டிவந்தது என்று அவரிடமே சொல்லி, அடுத்த பதிப்பை இரண்டு தொகுதிகளாகப் போட வைத்தேன் என்று பெருமை வேறு அடித்துக்கொள்வார். சிறு வெளியீடுகளில் தமக்குத் தேவைப்பட்ட பக்கங்களை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்து எறிவார். அவருக்குப் புத்தகம் என்பது கருவி. ஆனால் அந்தக் கருவியை அவர் பயன்படுத்திய விதத்தைப் பாருங்கள். படிக்கும்போதே ஓரத்தில் பென்சில் கோடு. முடித்ததும் கடைசிப் பக்கத்தில், குறித்த பக்க எண்களின் பட்டியல். பிறகு அந்தப் பட்டியலை மட்டும் வைத்து மறுபடி புரட்டி, ஒரு சுருக்கம் எழுதுவார். அந்தச் சுருக்கங்கள் பொருள்வாரியாகப் பெயர் எழுதிய முப்பது நாற்பது உறைகளுக்குள் போகும். புதிதாக ஒரு நூல் எழுதத் தொடங்கினால் முதல் வேலை அந்த உறையைத் திறப்பது. தம் கருத்துக்கு எதிரான செய்தி எங்கே கண்ணில் பட்டாலும் உடனே எழுதிவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு விதி. தமக்குச் சாதகமானது மனதில் தானாக நிற்கும், பாதகமானது நழுவிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டிருந்தார்.

ஜெர்மன் மொழி அவருக்குப் பெரும்பாடு. அகராதியை வைத்துக்கொண்டு நாளுக்குச் சிறிது சிறிதாகப் படிப்பார். தாம் சொந்தமாகக் கற்ற மொழி என்பதால் உச்சரிப்பு யாருக்கும் புரியாது. ஜெர்மானியப் பெண்மணி ஒருவர் அவருக்கு நண்பர். சில நேரம் அவரிடம் ஒரு ஜெர்மன் வாக்கியத்தைக் கொடுப்பார்; அவர் சரளமாக மொழிபெயர்க்காவிட்டால் டார்வின் சிரிப்பார்.

இவ்வளவும் தாமே கண்ணால் படித்தவை. நாவல் மட்டும் கேள்வி ஞானம். காலையில் சோபாவில் படுத்துக் கேட்டது போல, பிற்பகல் மூன்று மணிக்கு மாடி அறையில் சிகரெட்டோடு படுத்துக் கேட்பார்; மாலை ஆறு மணி வாக்கில் மறுபடி. எம்மாவின் குரலில் பல நேரம் தூங்கிப்போவார். நிறுத்தினால் அந்த அமைதியே எழுப்பிவிடும் என்று, அவர் கேட்கவில்லை எனத் தெரிந்தும் எம்மா படித்துக்கொண்டே இருப்பாராம். லண்டன் நூலகங்களிலிருந்து தருவித்த நாவல்கள். பெரிய இலக்கியமாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. முடிவு சுபமாக இருக்க வேண்டும். சோக முடிவை எதிர்த்துச் சட்டம் கொண்டுவரலாம் என்பது அவர் கட்சி. மனதாரப் பிடித்துப்போகிற ஒரு பாத்திரமாவது இருக்க வேண்டும். அது அழகான பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. நம்மூர் வாரப்பத்திரிகைத் தொடர்கதை வாசகரை இவரிடம் அறிமுகப்படுத்தியிருந்தால் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

கடிதம் எழுதும் மதிய நேரத்தையும் செய்தித்தாளையும் விட்டுவிட்டு இரவுக்கு வருகிறேன். ஏழரை மணிக்கு எளிய தேநீர், ஒரு முட்டை அல்லது சிறு இறைச்சித் துண்டு. பிறகு எம்மாவோடு பேக்காமன். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம், நம் சொக்கட்டானுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒவ்வோர் இரவும் இரண்டு ஆட்டம். தோற்றால் பகடையைத் திட்டுவார். இதற்கும் கணக்கு உண்டு. 1876இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மனைவி வென்றது 2,490, தாம் வென்றது 2,795 என்று கூச்சலிட்டு எழுதியிருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் சிறிது நேரம் விஞ்ஞான நூல். அதன் பிறகு சோபா. எம்மா பியானோ வாசிப்பார்.

எம்மா நன்றாக வாசிப்பவர். இளமையில் இசைமேதை சோப்பினிடமே சில பாடங்கள் கேட்டவர் என்று சொல்வதுண்டு. கேட்டுக்கொண்டு படுத்திருப்பவரின் காது எப்படிப்பட்டது? அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். டார்வினுக்குச் சுருதி பிடிபடாது. தாளம் நிற்காது. ஒரு மெட்டை மறுமுறை கேட்டால் அடையாளம் தெரியாது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது நண்பர்கள் அவரை வைத்து விளையாடுவார்கள்: பழகிய மெட்டுகளைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ வாசித்து, இது என்ன பாட்டு என்று கேட்பார்கள். நாட்டுப்பண்ணையே அப்படி வாசித்தால் அவருக்கு விடுகதைதான். அதே மனிதர், கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் பாடகர் குழு பாடுவதைக் கேட்க, வார நாட்களில் நேரம் பார்த்து நடந்து போவார். முதுகுத்தண்டு சிலிர்க்கும் என்கிறார். சில வேளை பாடும் சிறுவர்களைப் பணம் கொடுத்துத் தம் அறைக்கே வரவழைத்துப் பாடச் சொல்லியிருக்கிறார். இசை தெரியாதவருக்கு இசை எதற்கு என்று நினைக்கிறவர்கள் இந்தப் பையனைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். காதில் பிடிபடாத ஒன்று உடம்பில் பிடிபட்டிருக்கிறது.

இப்போது 1876க்கு வருகிறேன். அந்த ஆண்டு மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை, பிற்பகல்களில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளுக்காகத் தம் கதையை எழுதினார். அதில் ஒரு பகுதி விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் தெரிந்திருக்கும். முப்பது வயது வரை கவிதை தமக்குப் பேரின்பமாக இருந்தது என்கிறார். பீகிள் பயணத்தில் கரையிறங்கிப் போகும்போது ஒரே ஒரு புத்தகம்தான் எடுத்துப் போக முடியும் என்றால் மில்டனை எடுத்துக்கொண்டவர். இப்போதோ ஒரு வரி கவிதைகூடத் தாங்க முடியவில்லை. ஷேக்ஸ்பியரை எடுத்துப் பார்த்தேன், சலிப்பில் குமட்டியது என்கிறார். படங்களின் மேலும் இசையின் மேலும் இருந்த ரசனையும் ஏறக்குறையப் போய்விட்டது. இசை கேட்டால் இன்பம் வருவதற்குப் பதில், அன்று செய்துகொண்டிருந்த வேலையைப் பற்றிய யோசனை மும்முரமாக ஓடத் தொடங்கிவிடுகிறது. செய்திக் குவியலை அரைத்து விதிகளை வெளியே தள்ளும் எந்திரமாகத் தம் மூளை ஆகிவிட்டதோ என்று கேட்டுக்கொள்கிறார். மறுபடி ஒருமுறை வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்கிறார். அந்த ரசனை போனது மகிழ்ச்சி போனதற்குச் சமம் என்கிறார்.

இந்தப் பகுதியை மேடைகளில் பலர் எடுத்தாளக் கேட்டிருக்கிறேன். விஞ்ஞானம் மனிதனை வறட்டி ஆக்கிவிடும், கலைதான் காப்பாற்றும் என்று முடிப்பார்கள். கைதட்டலும் வாங்குவார்கள். எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடில்லை.

அவருடைய கால அட்டவணையைக் கொஞ்சம் கவனியுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை இசை என்று ஆசைப்பட்டவர் வீட்டில் ஏறத்தாழ தினமும் இரவில் பியானோ ஒலித்துக்கொண்டிருந்தது. ஆக, இசை இல்லாமல் போனது பிரச்சினை அல்ல. அது எந்த நேரத்தில் வந்தது என்பதுதான் பிரச்சினை. எட்டு மணி முதல் ஒன்பதரை வரை என்ற பொன்னான நேரம் வேலைக்கு. சக்தியெல்லாம் தீர்ந்து, உடம்பைக் கிடத்திய பிறகு நாவல். அதற்கும் பிறகு இசை. சோர்வுக்கு மருந்தாகத்தான் அவை அந்த வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டன. நாவல் மருந்தாக வேலை செய்தது. கதை அப்படிப்பட்டது, தூங்கி விழுந்தாலும் மறுநாள் தொடரலாம். கவிதையும் இசையும் அதற்கு உடன்படவில்லை. கேட்கிறவரிடமும் கொஞ்சம் உழைப்பு வேண்டும் என்று அவை எதிர்பார்க்கும். கிங்ஸ் தேவாலயத்துக்கு அந்த இளைஞர் நடந்து போனார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐம்பது வயதில் அவர் எங்கும் நடக்க வேண்டியிருக்கவில்லை. படுத்திருந்த இடத்துக்கு இசை வந்தது.

இது ஒன்று. இரண்டாவது, தம் ரசனை செத்துவிட்டது என்ற அவருடைய தீர்ப்பையே நான் முழுக்க நம்பவில்லை. மகன் பிரான்சிஸும் நம்பவில்லை என்றுதான் தெரிகிறது. நல்ல மெட்டின் மேல் அப்பாவுக்குக் கடைசி வரை பிரியம் இருந்தது என்று எழுதுகிறார். பீத்தோவன் சிம்பனிகளின் சில பகுதிகள், ஹாண்டலின் சில பகுதிகள் பிடிக்கும். பழைய பிடித்தமான ஒன்றை எம்மா வாசிக்கும்போதெல்லாம், பிரமாதமாக இருக்கிறதே, இது என்ன என்று கேட்பாராம். நூறு தடவை கேட்டது நூற்றோராம் தடவையும் புதியது! காது இல்லாதவருக்குக் கிடைத்த இந்த வரத்தை நினைத்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். வாய்க்குள் முனகத் தெரிந்த பாட்டு ஒரே ஒரு வேல்ஸ் நாட்டுப்பாட்டு, அதைச் சரியாகவே முனகுவார். தாஹிதித் தீவுப் பாட்டு ஒன்றும் உண்டு என்று பிரான்சிஸுக்கு நினைவு. கப்பல் காலத்தில் அங்கே போனவர். 1881இல், வயது எழுபத்திரண்டு, ஹான்ஸ் ரிக்டர் என்ற புகழ்பெற்ற இசை நடத்துநர் அந்த வீட்டுக்கு வந்து பியானோ வாசித்தார். டார்வின் உற்சாகத்தில் துள்ளினார் என்று பதிவிருக்கிறது. செத்துப்போன ரசனை துள்ளாது.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்னத் தகவல். எம்மா வாசித்தவற்றில் தமக்குப் பிடித்தவற்றை டார்வின் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. ஒவ்வொன்றும் மனதில் என்ன உணர்வை உண்டாக்கியது என்று இரண்டொரு சொல்லில் குறிப்பு. அந்தத் தாள் தொலைந்துவிட்டது. டார்வின் கைப்படிகளில் கிடைக்காமல் போனவை பல. எனக்கு ஒன்றே ஒன்று மீட்டுத் தருகிறேன் என்று யாராவது வரம் கொடுத்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பக்க எண்களைக் குறித்த அதே கை, சோபாவில் படுத்து இசையையும் குறித்திருக்கிறது. மெட்டு நினைவில் நிற்காது என்று தெரிந்தவர், நினைவுக்குப் பதில் தாளை நம்பியிருக்கிறார். இசை கேட்டால் வேலை யோசனை வருகிறது என்று வருத்தப்பட்டாரே, இந்தக் குறிப்பும் அந்த வேலைப் புத்தியின் பிள்ளைதான். கவனிப்பது, குறிப்பது, வகைப்படுத்துவது என்பதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. பிள்ளைகள் பிறந்தபோதும் முதல் குழந்தையின் அழுகையையும் சிரிப்பையும் நாட்குறிப்பில் குறித்தவர் அவர். எந்திரம் என்று தம்மைத் திட்டிக்கொண்ட மனிதர், தம் ரசனை வேறு உருவத்தில் நடமாடிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம்.

‘மனிதனின் வழித்தோற்றம்’ என்ற நூலில் (அது 1871) அவர் இசையின் பிறப்பைப் பற்றியே நீளமாக எழுதியிருக்கிறார். பேச்சின் உணர்ச்சி ஏறி ஏறித்தான் பாட்டாயிற்று என்று தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் சொல்லிக்கொண்டிருந்த காலம். டார்வின் தலைகீழாகச் சொன்னார்: பேச்சுக்கு முன்பே பாட்டு இருந்தது, நம் முன்னோர்கள் மொழி வருவதற்கு முன் ஒலிநயத்தால் துணையைக் கவர்ந்தார்கள். அன்றாடப் பிழைப்புக்குக் கொஞ்சமும் பயன்படாத இந்தத் திறன் மனிதனுக்கு எப்படி வந்தது என்பது அவருக்குப் பெரும் புதிர். சுருதி பிடிபடாத ஒருவர் இப்படி ஒரு கேள்வியை விடாமல் துரத்தினார் என்றால், இரவு பியானோ நேரம் வீண் போகவில்லை.

இந்த நாளின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எட்டு மணிக்கு அறைக் கதவு மூடிக்கொண்டது என்றால், மூட முடிந்தது. அப்பா பெரிய மருத்துவர், பணத்தைப் பெருக்கத் தெரிந்தவர். மனைவி வெட்ஜ்வுட் பீங்கான் குடும்பத்துப் பெண். டார்வின் சம்பளத்துக்காக எங்கும் வேலைக்குப் போனதில்லை. சமையலுக்கும் தோட்டத்துக்கும் ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பிள்ளைகள் பிறந்தன. மூன்று சிறு வயதிலேயே போயின. மிஞ்சியவர்கள் கதவைத் தட்டாமலா இருப்பார்கள்? பசைக்கும் கத்திரிக்கோலுக்கும் நூலுக்கும் அப்பா அறைக்குத்தான் ஓடுவார்கள். நாலு வயதுப் பிள்ளை ஒன்று, வேலை நேரத்தில் விளையாட வந்தால் ஆறு பென்னி தருகிறேன் என்று அப்பாவுக்கு லஞ்சம் பேசிப் பார்த்தது. அவர் கோபப்பட்டதாகப் பதிவில்லை. இனிமேல் வராமல் இருக்க முடியுமா, இன்றைக்கு நிறையத் தடவை வந்துவிட்டீர்களே என்று பொறுமையாகக் கேட்பாராம். எம்மாவுக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு இருந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. காலை ஒரு மணி, பிற்பகல் ஒரு மணி, மாலை ஒரு மணி வாய்விட்டுப் படித்து, இரவில் பகடை உருட்டி, பியானோவும் வாசித்தவருடைய நாளுக்கு அட்டவணை போட்டுப் பாருங்கள். டார்வினின் ஓய்வு நேரமெல்லாம் அவருடைய வேலை நேரம். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய லா.ச.ரா.வைப் படித்து வளர்ந்த நமக்கு, ‘நாளுக்கு நாலு மணி நேரம் உழைத்தால் போதும், டார்வினைப் பார்’ என்று எழுதும் முன்னேற்றப் புத்தகங்கள் கொஞ்சம் சிரிப்பை மூட்ட வேண்டும்.

கடைசியாக மண்புழு. எழுபது வயதைத் தாண்டிய டார்வின் கடைசியாக எழுதிய நூல் மண்புழுக்களைப் பற்றியது. 1881 அக்டோபரில் வந்தது. மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை எழுதும் அறையிலேயே வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று தெரிய வேண்டும். உலோக விசிலை ஊதினார்கள்; புழுக்கள் சட்டை செய்யவில்லை. பாஸூன் என்ற பெரிய மரக்குழலை அடித்தொண்டையில் முழங்கினார்கள்; அதை வாசித்தவர் பிரான்சிஸ். அசையவில்லை. கத்தினார்கள், மூச்சுக் காற்று மேலே படாதவரை கவலைப்படவில்லை. பியானோவுக்குப் பக்கத்தில் மேசை மேல் தொட்டிகளை வைத்து, முடிந்த மட்டும் உரக்க வாசிக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு தொட்டிகளைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்தார். கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு சுரம் தட்டியதும் இரண்டு புழுக்களும் பட்டென்று வளைக்குள் போய்விட்டன. கொஞ்ச நேரம் கழித்துத் தலை நீட்டின. மேல் ஸ்தாயியில் ஒரு சுரம் தட்டியதும் மறுபடி உள்ளே. ஒலி காதில் விழவில்லை, அதிர்வு உடம்பில் பட்டது. முடிவை நூலில் இரண்டொரு பத்தியில் எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். சிலிர்த்த முதுகுத்தண்டு அப்போது அவருக்கு நினைவு வந்ததா என்று நூலில் இல்லை.

அந்தச் சோதனை நடந்தபோது வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒன்றை ஊதிக்கொண்டோ தட்டிக்கொண்டோ இருந்திருக்கிறார்கள். வேலை, இசை, குடும்பம் என்று நாள் முழுவதும் தனித்தனி நேரம் ஒதுக்கி வைத்திருந்த வீட்டில், அன்றைக்கு மட்டும் மூன்றும் ஒரே அறையில் சேர்ந்து இரைச்சல் போட்டன. எனக்கு அவருடைய நாட்களில் மிகவும் பிடித்த நாள் அதுதான்.

அந்த நூல் விற்றதைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியே போய் மேலே வருகிறது என்று எடை போட்டுக் காட்டியிருந்தார். அதற்காக உலகெங்கும் கடிதம் எழுதி, மண்புழு வெளித்தள்ளும் மண் கட்டிகளை வரவழைத்தார். கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் டாக்டர் கிங் உதவினார். நூலில் இருக்கும் படங்களில் ஒன்று நம்முடைய நீலகிரி மலையிலிருந்து போன கட்டி. புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கி, அசல் அளவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஊட்டிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.